நான் கட்டிய மூன்றடி அறை

பழைய வீடுகளை அளந்து, வரைஞ்சு, உளுத்ததை மாத்தி நிறுத்தறதுதான் முப்பது வருஷமா என் பொழப்பு. யாரோ கட்டின வீடு, யாரோ கட்டின ரூம். நானா சொந்தமா கட்டினது ஒரே ஒரு ரூம்தான். அகலம் மூணடி. கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது, உள்ள போக வழியே கிடையாது. கோபாலபுரத்துல ஒரு பழைய பங்களாவுக்குள்ள அது மூணு மாசம் இருந்துச்சு. அதுக்காக ஒரு அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு வக்கீல் பிடிச்சாங்க. தம்பிக்காரர் அதுக்கு வடைமாலை வேற சாத்தினார். கடைசியில நானே அதை இடிக்க வேண்டியதாப் போச்சு.

கட்டடக்கலை படிக்கிற பிள்ளைங்க நீங்க, பேச வரச் சொல்லிக் கூப்பிட்டப்ப, "மேடம், நீங்க காப்பாத்தின வீடுகளைப் பத்திச் சொல்லுங்க"ன்னு கேட்டீங்க. அதுக்கெல்லாம் போட்டோ இருக்கு, எடுத்துப் பார்த்துக்குங்க. நான் சொல்லப்போறதுக்குப் போட்டோ கிடையாது. சிரிப்பு வந்தா சிரிச்சுக்குங்க, எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. அப்ப எனக்குச் சிரிப்பு வரல, அவ்வளவுதான்.

ஊர் பேர் மெட்ராஸா சென்னையான்னு தபால்காரருக்கே குழப்பமா இருந்த சமயம். மயிலாப்பூர்ல ஒரு காப்பிப்பொடிக் கடைக்கு மேல எங்க ஆபீஸ். காலையில கீழ கொட்டை வறுத்தா, மேல டிராயிங் ஷீட்டெல்லாம் காப்பி வாசனை அடிக்கும். எனக்குக் கொடுத்த வேலைப் பேர் "டிராஃப்ட்ஸ்மேன்". சார், நான் பொம்பளையாச்சேன்னு ஒரு தடவை கேட்டேன். "அப்புறம் மாத்திக்கலாம்"னார். ரிடயர் ஆன அன்னிக்குக் கொடுத்த சால்வை கவர்லயும் டிராஃப்ட்ஸ்மேன்னுதான் எழுதியிருந்துச்சு.

எங்க சாரைப் பத்திச் சொல்லணும். பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அவர் அமெரிக்காவுல படிச்சவர். முதல் முதல்ல கப்பலேறி அந்த ஊருக்குக் குடிபோன வெள்ளைக்காரங்க கட்டின மரவீடுகள் அங்க இன்னும் நிக்குதாம். அதுகளை ஒவ்வொரு பலகையா எண்ணி, ஒவ்வொரு ஆணியா படம் போட்டு, பழையபடி சரிபண்ணி நிறுத்தற வேலையை அஞ்சு வருஷம் செஞ்சுட்டு ஊர் திரும்பினவர். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அந்த வீடுகளை வச்சுத்தான். எங்களுக்குப் பனியும் தெரியாது, மரவீடும் தெரியாது. ஆனா அந்த வீடுகளுக்கு நடுவுல குளிர்காய ஒரு பெரிய புகைபோக்கி இருக்கும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். ஒரு வீட்டுல உள்ளளவும் வெளியளவும் ஒத்துவராம இவர் தோண்டித் துருவி, புகைபோக்கிக்குப் பின்னாடி ஆள் ஒளியற மாதிரி ஒரு சந்து இருக்கறதைக் கண்டுபிடிச்சாராம். உள்ள ஒரு குழந்தையோட ஒத்தைச் செருப்பு இருந்துச்சாம். இந்தக் கதையை நான் முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்தச் செருப்புகிட்ட வரும்போது அவர் கண்ணு கலங்கிடும்.

அடுத்தது டேப். இதை நல்லாக் கேட்டுக்குங்க, விஷயமே இதுலதான் இருக்கு. ஆபீஸ்ல நூறடி துணி டேப் ஒண்ணு இருந்துச்சு. குளத்தங்கரைத் தெருவுல ஒரு வீட்டை அளக்கும்போது, வாசல்ல கிடந்த டேப் நுனியை ஒரு பசுமாடு மென்னுடுச்சு. நாங்க இழுக்க, அது இழுக்க, கடைசியில வளையத்தோட சேர்த்து முதல் அடி அதுக்குப் போச்சு, மீதி எங்களுக்கு வந்துச்சு. புது டேப் கேட்டதுக்கு சார், "தொண்ணூத்தொம்பது அடி நல்லாத்தானே இருக்கு?"ன்னுட்டார். அதனால டேப் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கும். எதை அளந்தாலும் வர்ற எண்ணுல ஒண்ணைக் கழிச்சுக்கணும். பதினேழுன்னு காட்டினா பதினாறு. ஆபீஸ்ல ஒருத்தரை ஒருத்தர் "மாட்டைக் கழிச்சியா?"ன்னு கேட்டுக்குவோம். வெளியாள் யாராவது கேட்டா எங்களைப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்களோ!

இப்படி இருக்கறப்ப ஒருநாள் வசந்தா டீச்சர் படியேறி வந்தாங்க. அம்பத்தெட்டு வயசு இருக்கும், கல்யாணம் பண்ணிக்கல. கோபாலபுரத்துல அவங்க அப்பா விட்டுட்டுப் போன பங்களாவுல தனியா இருந்துக்கிட்டு, முன் ஹால்ல நாப்பது பிள்ளைங்களை வச்சு ரெண்டாம் கிளாஸ் வரைக்கும் ஒரு சின்ன பள்ளிக்கூடம் நடத்தினாங்க. வீடு மூணு பேர் பங்கு. அண்ணன் தி.நகர்ல, தம்பி நங்கநல்லூர்ல. ரெண்டு பேரும் வீட்டை இடிச்சு ஃப்ளாட் கட்டற ஒருத்தருக்குக் கொடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. டீச்சர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"எனக்கு மூணாவது மாடியில ஒரு ஃப்ளாட் தருவாளாம். மூணாவது மாடியில பள்ளிக்கூடம் நடத்த முடியுமோ, நீங்களே சொல்லுங்கோ. கொழந்தேள் ஜன்னல் பக்கம் போகாம யார் பார்த்துப்பா?"

"இதை உங்க அண்ணன்கிட்டயே சொல்லலாமே டீச்சர்?"ன்னு நான் கேட்டேன்.

"அண்ணாகிட்டயா?" கிணத்துல குதிக்கச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தாங்க. நாப்பது பிள்ளைங்களை ஒரு பார்வையில உட்கார வைக்கிற அம்மாவுக்கு, அண்ணன் தம்பி எதிர்ல நின்னா குரலே எழும்பாது. வாழ்க்கையிலயே அவங்க செஞ்ச ஒரே துணிச்சல், "வீட்டைப் பத்தி ஒரு ரிப்போர்ட் வரட்டும், அப்பறம் கையெழுத்துப் போடறேன்"னு சொன்னது. அந்த ரிப்போர்ட்டுக்காகத்தான் எங்ககிட்ட வந்தாங்க. வீடு எவ்வளவு நல்ல வீடுன்னு தெரிஞ்சா அண்ணன் தம்பி மனசு மாறும்னு ஒரு நம்பிக்கை. எங்களுக்கும் அந்த நப்பாசை இருந்துச்சு.

வீடு அருமையான வீடு. யாரோ ஒரு துரை கட்டினது. சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம், அதுக்கு மேல செங்கல்லை நிமிர்த்தி அடுக்கின மொட்டைமாடி. முன்ரூம், ஹால், சாப்பாட்டு ரூம்னு மூணும் ஒரே வரிசையில் இருக்கும். சாப்பாட்டு ரூம் கடைசிச் சுவத்துல ஒரு கணப்படுப்பு. ஆமா, குளிர்காயற அடுப்பு! மெட்ராஸ்ல! துரைக்கு ஊர் ஞாபகம் வந்துடுச்சோ என்னவோ, சித்திரை மாசத்துல வேர்த்து ஊத்தற ஊர்ல புகைபோக்கியோட கட்டி வச்சிருந்தார். டீச்சர் வீட்டுல அதுக்குள்ள ஊறுகாய் ஜாடியை அடுக்கி வச்சிருந்தாங்க. நல்லா குளுகுளுன்னு இருக்குமாம்.

நான் ரூமெல்லாம் துணி டேப்ல அளந்தேன். வெளிப்பக்க நீளத்தை சார் அமெரிக்காவுலேர்ந்து கொண்டுவந்த இரும்பு டேப்ல அளந்தார். கதவு இருக்கற சுவர் எவ்வளவு தடிமன்னு கதவுகிட்டயே பார்த்துடலாம். கணப்படுப்புச் சுவத்துல கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. வெளி நீளத்துலேர்ந்து மத்ததையெல்லாம் கழிச்சா மிச்சம் வர்றதுதான் அதோட தடிமன். ஆபீஸ்ல உட்கார்ந்து கழிச்சுப் பார்த்தேன். ரெண்டடி வரவேண்டிய இடத்துல அஞ்சடி வந்துச்சு.

அப்ப நான் வாயை மூடிக்கிட்டு, பஸ் பிடிச்சுப் போய் மறுபடி ஒரு தடவை அளந்திருக்கணும். அதை விட்டுட்டு, "சார், இந்தச் சுவத்துல மூணடி அதிகமா வருதே"ன்னு ஷீட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். சார் பார்த்தார். கணப்படுப்பைப் பார்த்தார், அஞ்சடியைப் பார்த்தார். எழுந்து நின்னுட்டார். "புகைபோக்கிக்குப் பின்னாடி!"ன்னார். அவர் கண்ணு கலங்க ஆரம்பிச்சதுமே எனக்குப் புரிஞ்சுடுச்சு, இனிமே பிரம்மாவே வந்தாலும் தடுக்க முடியாதுன்னு.

அன்னிக்கு சாயங்காலமே ஆட்டோ பிடிச்சு கோபாலபுரம் போனோம். அன்னிக்குன்னு பார்த்து அண்ணனும் தம்பியும் அங்கதான் இருந்தாங்க, டீச்சரைக் கையெழுத்துக்கு நெருக்கிக்கிட்டு. சார் வரைபடத்தை ஊஞ்சல்ல விரிச்சு, "இந்தச் சுவத்துக்குள்ள மூணடி அகலத்துல ஒரு மூடின அறை இருக்கு"ன்னு அறிவிச்சார்.

பெரியவர்தான் முதல்ல வாயைத் திறந்தார். ஒரு கம்பெனியில பெரிய அதிகாரியா இருந்து ரிடயர் ஆனவர், எதையும் முடிவு பண்ணிட்டுத்தான் யோசிப்பார். "துரை அவசர அவசரமாக் கப்பலேறினான்னு தாத்தா சொல்லுவார். வெள்ளிப் பாத்திரத்தையெல்லாம் எடுத்துண்டு போயிருக்க முடியாது."

சின்னவர் கன்னத்துல போட்டுக்கிட்டார். அவர் நங்கநல்லூர் ஆஞ்சநேயர் பக்தர். "வெள்ளியாவது ஒண்ணாவது! அண்ணா, போன வாரம் என் சொப்பனத்துல ஆஞ்சநேயர் வந்து, 'மூச்சு முட்டறதுடா'ன்னார். எனக்கு இப்பதான் புரியறது."

டீச்சர் என்னைப் பார்த்தாங்க. வித்தியாசமான ஒரு பார்வை. நான் அதை ஆச்சரியம்னு நினைச்சுட்டேன்.

அதுக்கப்புறம் நடந்த கூத்து கொஞ்ச நஞ்சமில்லை. மறுநாள் பெரியவர் கணப்படுப்புக்கு ஒரு கம்பிக்கதவு போட்டுப் பூட்டிட்டார். அதுக்கு மறுநாள் சின்னவர் வந்து அதே கதவுல இன்னொரு பூட்டு போட்டார். ஊறுகாய் ஜாடி எல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு. சனிக்கிழமை சனிக்கிழமை சின்னவர் நங்கநல்லூர்லேர்ந்து பஸ்ல வந்து, பூட்டின கணப்படுப்புக்கு வடைமாலை சாத்தி, சூடம் காட்டுவார். சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம். பிள்ளைங்க சூடம் அணையறதுக்குள்ள மாலையைச் சுத்தி உட்கார்ந்துடுங்க. அந்த மூணு மாசம் மாதிரி அட்டெண்டன்ஸ் முன்னயும் இருந்ததில்லை, பின்னயும் இருந்ததில்லைன்னு டீச்சர் சொல்வாங்க.

ஃப்ளாட் கட்டறவருக்கும் சேதி போச்சு. நிலத்துக்குள்ள என்ன இருந்தாலும் நிலத்தோட சேர்த்தி, எனக்குத்தான்னு சொல்லி அனுப்பினார். அவ்வளவுதான், அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அவர்மேல பாய்ஞ்சாங்க. அப்புறம் ஒருத்தர்மேல ஒருத்தர் பாய்ஞ்சாங்க. யார் முதல்ல உள்ள நுழையறதுன்னு ஆளுக்கொரு வக்கீலை வச்சுக்கிட்டு கார்த்திகை முழுக்கச் சண்டை. மார்கழியில சுவத்துல கடப்பாரை வைக்கக்கூடாதுன்னு சின்னவரோட ஜோசியர் சொல்லிட்டார். தை பிறந்து நல்ல நாள் பார்த்து உடைக்கறதா ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டாங்க. அதுவரைக்கும் வீட்டை விக்கிற பேச்சே இல்லை. கையெழுத்துக் காகிதம் பெரியவர் பையிலயே தூங்குச்சு. டீச்சர் முகம் தெளிஞ்சுடுச்சு. என்னைப் பார்க்கறப்பல்லாம் முறுக்கும் தட்டையும் கொடுத்து அனுப்புவாங்க. ஏன் இவ்வளவு பிரியம்னு நான் யோசிக்கல, தின்னுட்டேன்.

மார்கழி நடுவுல அடையாறுல வேற ஒரு வீடு. நான் அளவு சொல்ல, கூட வந்த பையன் எழுதினான். நான் "பதினாலு"ன்னேன். அவன், "மேடம், மாட்டை நீங்க கழிச்சுட்டீங்களா, இல்ல ஆபீஸ்ல போய் நான் கழிக்கணுமா?"ன்னு கேட்டான். நான் டேப்பை அப்படியே போட்டுட்டு, பையிலேர்ந்து பழைய நோட்டை எடுத்துப் புரட்டினேன். கோபாலபுரத்துல அளக்கும்போதே நான் மாட்டைக் கழிச்சுத்தான் நோட்டுல எழுதினேன். ஆபீஸ்ல உட்கார்ந்து வரையும்போது, பழக்கதோஷம், மறுபடியும் கழிச்சிருக்கேன். மூணு ரூம். ரூமுக்கு ஒரு அடி. மூணு அடி! துரையும் இல்லை, வெள்ளியும் இல்லை, ஆஞ்சநேயரும் இல்லை. அந்தச் சுவத்துக்குள்ள இருந்தது குளத்தங்கரைத் தெரு பசுமாடுதான், அதையும் நான்தான் மூணு தடவை கட்டிப்போட்டிருக்கேன்.

ஓடிப்போய் சார்கிட்ட சொன்னேன். நாற்காலியில சாய்ஞ்சார். "அமெரிக்காவுல ஒரு தடவை..."ன்னு ஆரம்பிச்சார். முதல் தடவையா அந்த வாக்கியத்தை முடிக்கல. அப்புறம் சொன்னார்: "நம்ம டிராயிங்கைப் பார்த்து இதுவரைக்கும் எந்த வீடும் நின்னதில்லை. எல்லா ரிப்போர்ட்டையும் வாங்கி வச்சுட்டு இடிச்சுட்டாங்க. இது ஒண்ணுதான் நிக்குது. தப்பான டிராயிங்னால நிக்குது."

"இப்ப என்ன சார் பண்றது?"

"எனக்குத் தெரியலம்மா. அளவு உன்னுது. நீயே முடிவு பண்ணு."

என் தலையில கட்டிட்டார்னு அப்ப கோபம் வந்துச்சு. நான் பத்தொன்பது நாள் வாயைத் திறக்கல. டீச்சருக்காகத்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சொன்னா அறை போச்சு, அறை போனா வீடு போச்சு, பள்ளிக்கூடம் போச்சு. அது நிஜம்தான். ஆனா இத்தனை வருஷம் கழிச்சு மறைச்சு என்ன ஆகப்போகுது? பாதி டீச்சருக்காக, பாதி வெக்கத்துக்காக. மாடு தின்ன டேப்ல அளந்தேன்னு பெரியவர் மூஞ்சிக்கு நேரா யார் போய்ச் சொல்றது?

தை பிறந்துச்சு, நல்ல நாளும் வந்துச்சு. வெள்ளிக்கிழமை காலை ஒம்பதேகாலுக்கு மேல, ராகுகாலத்துக்கு முன்னாடி. சைதாப்பேட்டையிலேர்ந்து ஏழுமலை மேஸ்திரி கடப்பாரையோட வந்துட்டார். எங்களுக்கும் அவர்தான் வேலை செய்வார். டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடல. முன் ஹால்ல பிள்ளைங்க பாடம் படிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க. பெரியவர் தன் பூட்டைத் திறந்தார், சின்னவர் தன் பூட்டைத் திறந்தார். டீச்சர் ஜாடிகளை வெளிய எடுத்து மோந்து பார்த்தாங்க. மாவடு பூத்துப் போயிருந்துச்சு. "இதை யார் கேக்கறது?"ன்னு யாருக்கும் கேக்காத குரல்ல சொல்லி, கொல்லைப்பக்கம் எடுத்துட்டுப் போனாங்க.

ஏழுமலை சுவத்தை இங்கயும் அங்கயும் தட்டினார். காதை வச்சுக் கேட்டார். அப்புறம் மேல உத்தரத்தைப் பார்த்தார். என்னைத் தனியா ஓரமாக் கூப்பிட்டார்.

"இன்னா மேடம் இது? உள்ள ரூமும் கெடியாது, ஒண்ணும் கெடியாது. சொவரு கல்லாட்டம் கீது. உத்தரம் அல்லாம் இதும்மேலதான் குந்திக்கினு கீது. நான் இத்த ஒடச்சேன்னு வெச்சுக்க, மொட்டமாடி கீழ வந்து குந்திக்கும். அந்தாண்ட பாரு, புள்ளைங்க படிச்சிக்கினு கீது."

ஹால்லேர்ந்து ஆத்திசூடி கேட்டுச்சு. பத்தொன்பது நாளா நான் பண்ணின கணக்கெல்லாம் அந்தச் சத்தத்துல அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. ஒரு வீட்டைக் காப்பாத்தறேன்னு நாப்பது பிள்ளைங்க தலைமேல கூரையை இறக்கப் பார்த்திருக்கேன். கணப்படுப்புக்கு முன்னாடி போய் நின்னுக்கிட்டு, "உடைக்காதீங்க! அறை கிடையாது. நான் தப்பா அளந்துட்டேன்"னு கத்தினேன்.

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கீழ இறக்கிப் பார்த்தார். "எப்படித் தப்பாச்சு?"

"டேப்போட முதல் அடியை மாடு தின்னுடுச்சு சார். அதனால ஒண்ணொண்ணுலயும் மாட்டைக் கழிக்கணும். நான் ரெண்டு தடவை கழிச்சுட்டேன்."

சொல்லும்போதே எனக்குத் தெரிஞ்சுது, இதை என்னைப் பெத்தவங்களே நம்பமாட்டாங்கன்னு. பெரியவர் நிதானமாக் கேட்டார்: "அந்த ஃப்ளாட்காரன் உனக்கு என்ன கொடுத்தான்?"

"ஐயோ, சத்தியமா இல்லை சார்!"

சின்னவர் இன்னும் ஒரு படி மேல போனார். "அண்ணா, இது சோதனை. கிட்ட போகும்போது இப்படித்தான் தடங்கல் வரும். பசு ரூபத்துல வந்திருக்கு." எங்க சார் முன்னால வந்து, தப்பு தன்னோடதுதான், அமெரிக்க வீட்டை நினைச்சுக்கிட்டு அவசரப்பட்டுட்டேன்னு சொன்னார். அவரையும் நம்பல. ஏழுமலை சுவர் கெட்டின்னு சொன்னார். "உனக்கும் கொடுத்துட்டானா?"ன்னு பெரியவர் அவரைக் கேட்டார். கேழ்வரகுல நெய் வடியுதுன்னா நம்பறாங்க, வடியலைன்னு சொன்னா அடிக்க வர்றாங்க! ஏழுமலை கோவத்துல கடப்பாரையைக் கீழ போட்டுட்டு, "அட போ நைனா, நீயே ஒடச்சுக்கோ"ன்னு பீடியை எடுத்துக்கிட்டுக் கொல்லைப்பக்கம் போயிட்டார். பெரியவர் நிஜமாவே குனிஞ்சு கடப்பாரையை எடுத்தார்.

நான் சாரோட இரும்பு டேப்பைப் பிடுங்கி அவர் கையில திணிச்சேன். "நீங்களே அளங்க சார். ஒரு நுனியை நீங்க பிடிங்க, ஒரு நுனியை உங்க தம்பி பிடிக்கட்டும். நான் தொடவே மாட்டேன்."

அதுதான் அவங்களுக்குப் பிடிச்சுது. ஒருத்தரை ஒருத்தர் நம்பாததால ரொம்ப ஒழுங்கா அளந்தாங்க, இப்ப உங்க யாருக்கும் அப்படி அளக்க வராது. வேட்டியை மடிச்சுக்கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் தரையில தவழ்ந்தாங்க. "இழுக்காதேடா!" "நான் எங்க இழுத்தேன், நீதான் தொய்ய விடறே!" எண்ணை எங்க எழுதறதுன்னு தெரியாம டீச்சரோட கரும்பலகையில எழுதினாங்க. ரெண்டாம் கிளாஸ் பிள்ளைங்களுக்குக் கரும்பலகையில கணக்கைப் பார்த்தா சும்மா இருக்க முடியுமா?

"பதினாறும் இருவதும்?"னு பெரியவர் தனக்குத்தானே முணுமுணுத்தார்.

"முப்பத்தாறு!"ன்னு ஹாலே கத்துச்சு.

"பதினெட்டு..."

"அம்பத்து நாலு!"

தெரிஞ்ச சுவரெல்லாம் சேர்ந்து அஞ்சடி. "அம்பத்தொம்பது!" அண்ணனும் தம்பியும் வெளிய போய், செடியையெல்லாம் மிதிச்சுக்கிட்டு வெளி நீளத்தை அளந்துட்டு வந்தாங்க. அறுபத்தொண்ணு. பெரியவர் சாக்பீஸைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னார். முன் வரிசையில ஒரு வாண்டு விரலை மடக்கி மடக்கிப் பார்த்துட்டு, "ரெண்டு மிஸ்!"னுச்சு. மத்ததெல்லாம் "ரெண்டு! ரெண்டு!"ன்னு கத்தி, தானே கைதட்டிக்கிச்சுங்க.

ரெண்டடி. ஒரு சுவருக்கு உண்டான தடிமன். அறை போயே போச்சு. சின்னவர் பெஞ்சில உட்கார்ந்து, "அப்போ சொப்பனத்துல யாருக்கு மூச்சு முட்டித்து?"ன்னு கேட்டார்.

பெரியவர் கையைத் தட்டி சாக்பீஸ் தூளை உதறினார். பையைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். மூணு மாசத்துக்கு முன்னாடி விட்ட இடத்துலேர்ந்து அப்படியே ஆரம்பிச்சார். "வசந்தா, வா. இதையாவது முடிப்போம்"னு பேனாவை நீட்டினார்.

டீச்சர் பேனாவை வாங்கல. என்கிட்ட வந்தாங்க. மெதுவாத்தான் கேட்டாங்க, ஆனா எல்லாருக்கும் கேட்டுச்சு.

"அந்தச் சுவத்துக்கு வருஷா வருஷம் நின்னு வெள்ளையடிக்க வைக்கறவ நான். அதுல ரூம் கிடையாதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நீ எனக்காகத்தான் பொய்யா வரைஞ்சேன்னு நெனச்சிண்டிருந்தேன். அதான் நானும் வாயைத் திறக்கலை. நெஜமாவே தப்பாத்தான் கழிச்சியா?"

முறுக்கும் தட்டையும் ஏன் வந்துச்சுன்னு அப்பதான் புரிஞ்சுது. "ஆமா டீச்சர்"னு சொன்னேன். அந்த அம்மா முகம் வாடினதைப் பார்த்தேனே, அதை இந்த ஜென்மத்துல மறக்க மாட்டேன். தனக்காக ஒருத்தி பொய் சொன்னான்னு மூணு மாசம் தெம்பா இருந்திருக்காங்க. அதுவும் இல்லைன்னு ஆயிடுச்சு.

"சரி, போ. அப்போ எனக்காகப் பேசறதுக்கு ஒருத்தரும் இல்லை"ன்னாங்க. புடவைத் தலைப்பை இழுத்து இடுப்புல செருகிக்கிட்டாங்க. அது, பிள்ளைங்க அடங்கலைன்னா அவங்க செய்யறது. பிள்ளைங்க கப்சிப்னு வாயில விரலை வச்சுக்கிச்சுங்க. டீச்சர் அண்ணன் பக்கம் திரும்பினாங்க.

"அண்ணா, இல்லாத ரூமுக்காக நீங்க ரெண்டு பேரும் மூணு மாசம் காத்திண்டிருந்தேள். பூட்டு போட்டேள், வடை சாத்தினேள், நாள் பார்த்தேள். இங்க நாப்பது கொழந்தேள் உக்காண்டிருக்கு, நெஜமா இருக்கு. இதுகளுக்காக ஒருநாள் காத்திண்டிருக்க உங்களுக்குத் தோணித்தா? நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வசந்தா..."

"போட மாட்டேன். கொழந்தேளுக்கு டிபன் வேளை. வழியை விடுங்கோ."

பெரியவர் பேனாவை மூடினார். கோபப்படுவார்னு நினைச்சேன். கரும்பலகையைப் பார்த்தார், தன் வேட்டியில ஒட்டின மண்ணைப் பார்த்தார். வாசல் பக்கம் நகர்ந்தார். சின்னவர் பின்னாடியே போனார். டீச்சர் இருந்தவரைக்கும் அந்தக் காகிதத்துல அவங்க கையெழுத்து விழவே இல்லை.

இப்ப நீங்க கேப்பீங்க, மேடம், இதுலேர்ந்து நாங்க என்ன கத்துக்கணும்னு. அளவை ரெண்டு தடவை பாருங்கன்னு சொல்லத்தான் வந்தேன், அது உங்க லேசரே பார்த்துக்கும். தப்புன்னு தெரிஞ்ச அன்னிக்கே சொல்லுங்க. அந்தப் பத்தொன்பது நாளும் டீச்சரை நான்தான் காப்பாத்திக்கிட்டு இருக்கேன்னு நினைச்சேன். அவங்களுக்குப் பேசத் தெரியும். பேச வேண்டிய அவசியமே வராம அடைச்சுக்கிட்டு நின்னது என்னோட அந்த மூணடி ரூம்தான். அது எனக்கு அன்னிக்கு வாசல்ல செருப்பு மாட்டும்போதுதான் உறைச்சுது.

டீச்சர் கேட் வரைக்கும் வந்தாங்க. திட்டப் போறாங்கன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

"நாளைக்கு வந்து மறுபடியும் அளந்துடு. கூரையிலேர்ந்து ஆரம்பி, அப்பறம் ரிப்பேர் என்ன ஆகும்னு பார்க்கலாம்"னாங்க. "ஆனா ஒண்ணு. எனக்காக எதுவும் பண்ணாதே. இருக்கறதை மட்டும் எழுது."

சரி டீச்சர்னு சொல்லிட்டு வந்தேன்.